தம்பி கேட்ட பெயர்

துபாயில் கராமா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் டிரான்சிட் லவுஞ்ச். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே பறக்கிற சொந்தக்காரர்கள் இங்கே இறங்கி, இரண்டு நாள் தூங்கி, ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். யார் எப்போது வருகிறார்கள், யாருக்கு எந்த அறை, யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பதையெல்லாம் நான் சமையலறைக் காலண்டரில் குறித்து வைப்பது வழக்கம். சென்ற ஜனவரியில் ஒரு வாரக் கட்டத்துக்குள் இரண்டு பேரை எழுத வேண்டியிருந்தது. ஒருவன் என் தம்பி. இன்னொருத்தி அவனுடைய ஒரே மகள்.

இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். ஓராண்டுக்கு மேலாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் குடும்பத்தில் பேச்சு நின்றுபோவது புதிதல்ல. சொத்து, சீர்வரிசை, பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று காரணங்கள் உண்டு. வேறொரு நாட்டின் தேர்தலால் அப்பனும் மகளும் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

தம்பி இருப்பது அந்த நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்தான். தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அவன் மனைவி புற்றுநோயில் இறந்தாள். மகள் படிக்கப் போய், அப்படியே கடலோரப் பெருநகரம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தம்பி அந்த வீட்டில் தனியாக இருந்தான். தனியாக என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவனோடு சில குரல்கள் இருந்தன.

அந்தக் குரல்களை நான் முதலில் தொலைபேசி வழியாகத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பேசும்போது பின்னால் ஒரு ஆள் ஆங்கிலத்தில் கோபமாகப் பேசிக்கொண்டிருப்பான். முதலில் பக்கத்து அறையில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். "டிவி அண்ணே" என்றான். சில மாதங்களில் பின்னால் கேட்ட அதே வாக்கியங்கள் தமிழில் அவன் வாயிலிருந்து வந்தன. என் தம்பி பொதுவாக மென்மையாகப் பேசுகிறவன். எதையும் "இருக்கும், இருக்கும்" என்று முடிக்கிறவன். இப்போது எதைச் சொன்னாலும் "அவனுங்க" என்று தொடங்கினான். யார் அவர்கள் என்று நான் கேட்டதில்லை. வாரத்துக்கு வாரம் ஆள் மாறினார்கள், கோபம் மட்டும் மாறவில்லை.

நான் அரசியல் பேசத் தெரியாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வயதில் ஊரை விட்டு வந்தேன். முதலில் பஹ்ரைனில் ஈசா டவுன், பிறகு துபாய். இதுவரை எந்த நாட்டிலும் நான் வாக்களித்ததில்லை. இங்கே லிஃப்டில் எங்களோடு ஏறுகிறவர்களில் லாகூர்க்காரர் உண்டு, டாக்காக்காரர் உண்டு, கண்ணூர்க்காரர் உண்டு. பார்க்கிங்கைப் பற்றிப் பேசுவோம், வெயிலைப் பற்றிப் பேசுவோம், வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவோம். அதற்கு மேல் ஒரு அங்குலம் போக மாட்டோம். விசா புதுப்பித்துக்கொண்டே வாழ்கிறவர்களின் மரியாதை அது. தம்பிக்கு வாக்குரிமை கிடைத்த நாளில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. ஒரு நாடு அவனிடம் என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறதே என்று.

வியாழக்கிழமை மதியம் தம்பி வந்து சேர்ந்தான். திருச்சிக்குப் போகும் வழியில் ஐந்து நாள் எங்களோடு. இளைத்திருந்தான். கழற்றிய காலணியை வழக்கம்போலக் கையில் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தான். எங்கள் வீட்டு வாசலில் காலணி அலமாரி இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் காலணியை வெளியே விடுவதில்லை. அது ஏனென்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். அவன் மகளுக்குத் தெரியாது.

குளித்துவிட்டு வந்ததும் கைப்பேசியிலிருந்து எங்கள் கூடத்துத் தொலைக்காட்சிக்கு அந்தக் குரல்களை மாற்றிவிட்டான். கழுத்து நரம்பு புடைத்த ஒரு ஆள் எங்கள் ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவிலிருந்து கத்தினார்.

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "தம்பி, அந்த மனுஷன் ஏன் இப்படிக் கத்துறார்? பக்கத்து வீட்டுக்காரங்க நானும் உங்க அண்ணனும் சண்டை போடுறோம்னு நெனைக்கப் போறாங்க."

"கத்தலை அண்ணி. உண்மையைச் சொல்றார். உண்மை கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும்."

"அப்படின்னா எங்க வீட்டு மிக்ஸிதான் ஊர்லயே பெரிய உத்தமி."

தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. ஒரு கணம் அவன் வந்துபோனதுபோல் இருந்தது. பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தான்.

சாப்பிடும்போது அவனாகவே பேசினான். நான் தடுக்கவில்லை.

"பதினாலு வருஷம் வரிசையில நின்னேண்ணே, கிரீன் கார்டுக்கு. ஒவ்வொரு வருஷமும் பேப்பர், வக்கீல், ஃபீஸ். அப்பா போனப்போ வர முடிஞ்சுதா? பேப்பர் பாதியில கெடந்துச்சு, வெளிய போனா திரும்ப விட மாட்டானுங்கன்னு வக்கீல் சொல்லிட்டான். போன்ல பார்த்தேன், அப்பா மொகத்த. நீதானே போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னே? அவனுங்க வேலியத் தாண்டி வந்து எனக்கு முன்னாடி நிக்கிறானுங்க. இது நியாயமான்னு கேட்டா நான் கெட்டவன்."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். 

"ஃபேக்டரிய மூடினப்போ பெரிய ஊர்க்காரன் ஒருத்தனும் எங்களைத் திரும்பிப் பார்க்கல. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ எங்க தெருவுல ஒவ்வொரு வீட்லேர்ந்தும் சாப்பாடு வந்துச்சு அண்ணி. பாத்திரத்து மேல பேரு எழுதி ஒட்டி, எப்ப திருப்பித் தரணும்னு கேக்காம வெச்சுட்டுப் போவாங்க. அவங்களைத்தான் உங்க பொண்ணும் அவ ஃபிரண்ட்ஸும் முட்டாப் பசங்கன்னு சொல்றாங்க. அவங்க கட்சிக் கூட்டத்துக்குப் போனேன். கையைக் குலுக்கி, வந்ததுக்கு நன்றின்னாங்க. முப்பது வருஷத்துல எனக்கு யாரு நன்றி சொன்னா?"

"எங்க பொண்ணா? உங்க பொண்ணு" என்றாள் மனைவி, மெதுவாக.

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இல்ல அது" என்றான். "யாரோ வந்து உள்ள உக்காந்துகிட்டு அவ வாயால பேசுறாங்க."

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். ஒரு வாரத்துக்கு முன் தொலைபேசியில் அவன் மகள் அவனைப் பற்றி அதே சொற்களைத்தான் சொல்லியிருந்தாள்.

மகள் வெள்ளிக்கிழமை மாலை வந்தாள். சென்னையில் ஒரு தோழியின் திருமணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. அப்பா இருக்கும் நாளாகப் பார்த்து அவள்தான் தேதியைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஆனாலும் வாசலில் வந்ததும் தைரியம் போய்விட்டது போலிருக்கிறது. காலணி அலமாரியை ஒரு முறை பார்த்தாள். ஆண் காலணி என்னுடையது மட்டும்தான் இருந்தது. அப்பாவின் பழக்கம் அந்தப் பதற்றத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

"அப்பாடா. அவர் இன்னும் வரலையா பெரியம்மா? நான் ஃப்ளைட் முழுக்க டென்ஷன்ல செத்துட்டேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

தம்பி கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"வா" என்றான்.

"ஹாய் அப்பா" என்றாள்.

அன்றைக்கு இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தொலைக்காட்சியை அவன் அணைத்தான். அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உப்பை நகர்த்துங்கள் என்பதுகூட என் வழியாகத்தான் போனது.

சனிக்கிழமை காலையில் தம்பி குளிக்கப் போனபோது மகள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். தான் வந்த காரியத்தை அப்போதுதான் சொன்னாள். அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர். நான்கு வயதில் அம்மா தோளில் எல்லையைக் கடந்து வந்தவன். அவனுக்கு அந்த நாட்டைத் தவிர வேறு நாடு நினைவில் இல்லை. அங்கே இருப்பதற்கான காகிதமும் இல்லை.

"அப்பாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடணும், பெரியப்பா. அம்மாவும் இல்ல. அவராவது வரணும்" என்றாள். அவள் தமிழ் நிதானமாக, சொல் சொல்லாகத் தேடி வரும். "ஆனா இப்போ அங்க ஒரு நம்பர் இருக்கு. பேப்பர் இல்லாதவங்களைப் பத்தி யார் வேணா போன் பண்ணிச் சொல்லலாம். பேரும் ஊரும் போதும். வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்பா போன் பண்ணுவாரா?"

மனைவி உடனே சொன்னாள். "போடி பைத்தியம். கோழி அறுக்கிற கடை வாசல்ல நிக்கக்கூட முடியாத மனுஷன் உங்கப்பா."

மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் தம்பியை முழுதாகத் தெரிந்தவன் நான்தான் என்று அவளுக்கு எண்ணம்.

பண்ண மாட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவும் சொன்னேன். ஆனால் திறந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி விழுந்துவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா இருக்கிற ஊர்ல பெட்ரோல் பங்க்ல ஒருத்தன் அப்பாவைப் பார்த்து உன் ஊருக்குப் போன்னு கத்தினான்" என்றாள். "நான் கார்ல இருந்தேன். அப்பா வந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, 'அவன் என்னைச் சொல்லல, வேற ஆளுன்னு நெனச்சுட்டான்'னு சொல்லி சிரிச்சார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பயம், பெரியப்பா."

அன்று மதியம் நான் ஷார்ஜாவில் ரோலாவுக்குப் போவதாக இருந்தது. அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் ஒருவரை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போய்ப் பார்ப்பேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மகளுக்கு ரோலாவில் பைகள் மலிவு என்று என் மனைவி ஆசை காட்டியிருந்தாள். தம்பி வரவில்லை என்றான். "உங்களுக்கு சோறு போட்டவர். ஒரு சலாம்கூட இல்லையா?" என்று மனைவி கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

எதையும் முன்கூட்டியே யோசித்துச் செய்கிறவன் என்று எனக்கு வேலையிடத்தில் பெயர். ஆனால் பாய்க்கு ஒரு போன் போட்டு, பழைய கதை எதுவும் வேண்டாம், கூட மகள் வருகிறாள் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் பாய்க்கு அது புரிந்திருக்காது. தம்பி ஒளித்து வைத்திருந்தது அவருக்கு அவமானமே அல்ல. ரோலாவில் பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் எடுத்துப் பேசுகிற நல்ல கதை அது.

பாய் கல்லாவில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"யாரு, நம்ம இன்ஜினியர் தம்பியா? அட அல்லாஹ்வே. அமெரிக்கா போயும் வெளுக்கலியே நீங்க! இது யாரு, மகளா? வாம்மா, உக்காரும்மா. டேய், நாலு சுலைமானி சொல்லு."

பாலில்லாத தேநீர் வந்தது. பாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. உங்க அப்பா இப்பவும் செருப்பைக் கையில தூக்கிட்டுப் போயித்தான் படுக்குறாரா?"

மகள் தேநீரைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

"எப்படித் தெரியுமா? பழக்கிவிட்டதே நாங்கதானே!" பாய் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "மேல மூணாவது மாடியில ரூமு. அஞ்சு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பன்னெண்டு பேரு. செக்கிங்காரங்க வந்தா வாசல்ல கெடக்கிற செருப்பை எண்ணித்தான் ஆளை எண்ணுவாங்க. உங்க அப்பாவுக்கு விசா முடிஞ்சு போச்சு. கூட்டிட்டு வந்த ஏஜெண்டு ஓடிட்டான். பாஸ்போர்ட் எங்கன்னு தெரியாது. பெரியப்பா பஹ்ரைன்ல, அவரால என்ன பண்ண முடியும்? எட்டு மாசம்மா. பகல் பூரா இந்தா இந்த அரிசி மூட்டைக்குப் பின்னாடிதான். ராத்திரி மேல ரூமு. அவர் செருப்பு வெளிய கெடந்து ஒரு நாள் நான் பார்த்ததில்ல."

"பாய், டைம் ஆச்சு" என்றான் தம்பி.

"இருங்க தம்பி, புள்ளைக்குத் தெரியட்டும். ரூம்ல புதுசா ஒரு பட்டான் வந்தான், பாகிஸ்தான்காரன். லாரி டிரைவரு. யார் இந்த ஆள்னு எங்கிட்ட கேட்டான். மாலூம் நஹி, தெரியாதுன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். அப்புறம் அவனே தன் ரொட்டியில பாதியைப் பிச்சு இவர்கிட்ட குடுத்துட்டுத் தூங்கப் போயிட்டான். செக்கிங்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பன்னெண்டு பேருக்கும் விசா கட். எனக்குக் கடையும் கட். ஒருத்தனும் வாயைத் தொறக்கலியேம்மா. அப்புறம் விசா இல்லாதவங்க ஊருக்குப் போலாம்னு பொதுமன்னிப்பு விட்டாங்க. நானே ஏர்போர்ட்ல கொண்டுபோயி விட்டேன். நல்ல வேலை பண்ணினோம். பாருங்க, இன்னிக்கு எங்க நிக்கிறாரு!"

தம்பி தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் தன் அப்பாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை வாங்குவதை எல்லோரும் மறந்துவிட்டோம். ஷார்ஜாவிலிருந்து துபாய் திரும்பும் சாலையில் மாலை நேரத்து நெரிசல். வண்டி நகரவே இல்லை. தம்பி எனக்குப் பக்கத்தில் முன்னால் இருந்தான். மகள் பின்னால்.

"எட்டு மாசமா, அப்பா?" என்றாள்.

"ஏஜெண்ட் ஏமாத்திட்டான். அது என் தப்பில்ல."

"தப்புன்னு நான் சொல்லலையே."

"என் கேஸ் வேற."

"எல்லார் கேஸும் வேறதான் அப்பா."

"நான் திரும்பிப் போனேன். மன்னிப்பு குடுத்தாங்க, மரியாதையாக் கிளம்பிப் போனேன். அப்புறம் முறையா அப்ளை பண்ணி, முறையா வரிசையில நின்னேன்."

"மன்னிப்பு குடுத்தாங்கல்ல? அதைத்தான் நாங்களும் கேக்குறோம்."

"நாங்களும்னா? அதுல நீ யாரு?"

அப்போதுதான் அவள் சொன்னாள். சமையலறையில் எங்களிடம் சொன்னதை விடக் குறைவான சொற்களில் சொன்னாள். திருமணம், நான்கு வயது, காகிதம் இல்லை. பெயரைச் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை. "நீங்க வரணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்று முடித்தாள்.

எனக்கு முன்னால் நின்ற பேருந்தின் பிரேக் விளக்கையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தம்பியின் முகத்தில் சிவப்பாக விழுந்து அணைந்து மறுபடியும் விழுந்தது. அவன் அழுகிறானா என்று தெரியாத தூரம் அல்ல அது. கையெட்டும் தூரம். இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றான் கடைசியில்.

"அந்த பாய்க்கும் சட்டம் இருந்துச்சு."

தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஏசியைக் கொஞ்சம் குறை" என்றான். குறைத்தேன்.

மகள் மறுநாள் காலை கிளம்பினாள். தம்பி அவள் பெட்டியை லிஃப்ட் வரை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் கட்டிக்கொண்டபோது அவன் கையை அவள் முதுகில் வைத்தான், ஆனால் அழுத்தவில்லை. லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே வந்தவன் நேராகத் தொலைக்காட்சியைப் போட்டான். அவன் எதையும் தேடவில்லை, எதையும் அழுத்தவில்லை. எங்கள் தொலைக்காட்சியே இப்போது அவனைத் தெரிந்துகொண்டிருந்தது. திறந்தவுடன் வரிசையாகக் கோபமான முகங்கள் வந்து காத்திருந்தன. அவன் ஊருக்குப் போன பிறகும் பல வாரங்கள் அவை வந்தன. நானும் என் மனைவியும் சமையல் குறிப்பு தேடினால் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் மனைவி வீட்டில் இல்லாதபோது நான் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வரிசையில் நிற்கிறவன், வரிசையைத் தாண்டுகிறவன் என்றுதான் அந்த ஆளும் பேசினார். கால் மணி நேரம் பார்த்தேன். அணைத்தபோது விசா அலுவலகத்தில் எனக்கு முன்னால் நுழைந்த ஒரு ஆளின் முகம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் மிச்சம் இருக்கிறது என்று அதுவரை தெரியாது.

தம்பியைத் திங்கட்கிழமை காலை விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணே, அந்தப் பையன் பேரென்ன?"

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. "தெரியாதுடா" என்றேன்.

"முழுப்பேரு தெரியாட்டாலும் பரவாயில்ல. எந்த ஊர்ல இருக்கான்?"

"அதுவும் அவ சொல்லல."

பெயர் எனக்குத் தெரியும். ஊர் தெரியும். அவன் வேலை பார்க்கும் பள்ளியும் தெரியும். மகள் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, படமும் காட்டியிருந்தாள்.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். "மருமகனா வரப்போறவன் பேரு அப்பனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றான்.

மருமகன் என்று அவன் சொன்னதைப் பல முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு முறை கேட்டால் ஆசை தெரிகிறது. இன்னொரு முறை கேட்டால் அந்தத் தொலைக்காட்சி ஆளின் ஏளனம் தெரிகிறது. அப்போது நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கினேன். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

அன்று மாலையே மகள் கூப்பிட்டாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா ஏதாவது கேட்டாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மனைவிக்கு வந்ததே கோபம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பத்திரிகையில போட மாப்பிள்ளை பேரைக் கேக்காத அப்பன் உண்டா?"

"அதுக்காகவும் இருக்கலாம்."

"இருக்கலாம் இருக்கலாம்னு சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரிச்சுடாதீங்க."

"இருக்கலாம்னு சொல்லி ஒரு பையனைப் பிடிச்சுக் குடுக்க முடியாதும்மா."

"உங்க தம்பியை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் எப்படிச் சிரிப்பான், காய்ச்சல் வந்தால் என்ன கேட்பான், எந்தப் பாட்டில் தொண்டை அடைக்கும், எல்லாம் தெரியும். அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை. மகளைத் திரும்ப அழைத்தேன். கேட்டான் என்று சொன்னேன். பேரையும் ஊரையும் கேட்டான், நான் தெரியாது என்றேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

"தேங்க்ஸ் பெரியப்பா" என்றாள்.

அடுத்த மாதம் மகளும் அந்தப் பையனும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அவள் எண் மாறியது. திருமணம் ஒரு அலுவலகத்தில் நான்கு நண்பர்களோடு முடிந்தது. என் மனைவிக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் புடவை, பையன் கையில் ஒரு சின்னப் பூங்கொத்து. பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. மனைவி அன்று முழுக்க அதை வைத்திருந்தாள். படுக்கும் முன் அழித்தாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் கூப்பிடுகிறான். பையனின் பெயரைப் பிறகு அவன் கேட்டதே இல்லை. "அவ நல்லா இருக்காளா?" என்பான். "நல்லா இருக்கா" என்பேன். "எங்க இருக்கா?" "தெரியாதுடா." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. பாயின் கடையைப் பற்றியோ, அந்தக் கார்ப் பயணத்தைப் பற்றியோ நாங்கள் பேசுவதில்லை. திருச்சி வீட்டுக் கூரை, முட்டிவலி, அங்கே எவ்வளவு பனி, இங்கே எவ்வளவு வெயில். லிஃப்டில் அந்நியரோடு பேசுவதை என் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஞாயிறு அவன் வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. பின்னால் எந்தக் குரலும் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நான் இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கேண்ணே" என்றான். "அன்னிக்குக் கார்ல நான் பேரு கேட்டேன்ல. அதை அவகிட்டச் சொன்னியா?"

சமையலறையில் மனைவி குழாயை மூடினாள்.

"சொன்னேன்" என்றேன்.

"ம்."

"அவ கேட்டா. மறைக்க முடியலடா."

"எங்கிட்ட மறைச்சியே."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எதுக்குக் கேக்குறேன்னு நீ ஒரு வார்த்தை என்னைக் கேக்கலையேண்ணே."

"எதுக்குடா கேட்டே?"

எங்கேயோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

"இப்ப நான் எதைச் சொன்னாலும் நம்புவியா?"

நம்புவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

என் சொல் வெளியே வருவதற்குள், "சரிண்ணே" என்றான் தம்பி. "அண்ணியைக் கேட்டதாச் சொல்லு."